துவோமோன் ஏன் ஒரே மாலையில் விழுந்தது? வெர்டனில் வென்றது பெத்தானா, நிவெலா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “1916 வெர்டன் சண்டையின் நாயகன் பெத்தான் என்கிறார்கள். ஆனால் இழந்த கோட்டைகளை மீட்டது நிவெலும் மான்ஜானும்தானே? உலகிலேயே பலமான கோட்டை என்று பேர் வாங்கிய துவோமோன் ஒரே மாலையில் சண்டையில்லாமல் போனதென்றால், பீரங்கி யுகத்தில் கோட்டைகளால் பயனே இல்லை என்றுதானே அர்த்தம்?” முதல் உலகப் போரில் பிரான்ஸின் வெர்டனை ஜெர்மனி தாக்கிய சண்டை இது; பெத்தான், நிவெல், மான்ஜான் மூவரும் பிரெஞ்சுத் தளபதிகள். தளபதிகள் பற்றி ஒன்று, கான்கிரீட் பற்றி ஒன்று என்று இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கான்கிரீட்டிலிருந்தே தொடங்குகிறேன். கோட்டை எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று தெரிந்துகொண்டால், தளபதிகளை எடைபோட வேண்டிய தராசு கைக்கு வந்துவிடும்.

1871-இல் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு பிரான்ஸ் தன் கிழக்கு எல்லையில் கோட்டை வளையங்களைக் கட்டியது. மியூஸ் ஆற்றங்கரை நகரமான வெர்டனைச் சுற்றி எழுந்த வளையத்தில் மிக உயரமான இடத்தில் இருந்தது துவோமோன். 1885-இல் வேலை தொடங்கியது. முதலில் கல் கட்டடம். வீரியமான வெடிமருந்து திணித்த புதுவகைக் குண்டுகள் வந்ததும் அதன் மேல் ஒரு மீட்டர் மணல் பரப்பி, மணலுக்கு மேல் இரண்டரை மீட்டர் கான்கிரீட் போட்டு, அதையும் மண்ணால் மூடினார்கள். நடுவில் மணல் வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே வெடிக்கும் குண்டின் அதிர்ச்சி நேராகக் கல் வளைவுக்கு இறங்காமல் மணலில் சிதறிவிடும். 155 மி.மீ. பீரங்கி ஒன்று, 75 மி.மீ. இரட்டைப் பீரங்கி ஒன்று, இரண்டும் தரைக்குள் இறங்கிக்கொள்ளும் எஃகுக் கோபுரங்களில் இருந்தன. சுற்றிலும் அகழி. அகழிக்குள் இறங்குகிறவனைப் பக்கவாட்டிலிருந்து சுட அதன் மூலைகளில் கான்கிரீட் அறைகள்.

1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளை ஜெர்மனியின் 420 மி.மீ. ஹோவிட்சர்கள் (குண்டை உயரே வளைத்து எறியும் பீரங்கிகள்) சில நாட்களில் உடைத்தன. பிரெஞ்சுத் தலைமை அதிலிருந்து கோட்டையே வீண் என்று முடிவுகட்டியது. லியேஜில் போட்டிருந்தது கம்பி வைக்காத கான்கிரீட், அதுவும் அடுக்கடுக்காக ஊற்றியது, அடுக்குகள் சரியாகப் பிடிக்காதது. வெர்டனின் முக்கியக் கோட்டைகள் அதைவிட வலுவானவை. இந்த வித்தியாசத்தை யாரும் நிதானமாக எடைபோடவில்லை. 1915 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஆணைப்படி கோட்டைகளின் பீரங்கிகளும் வெடிமருந்தும் வேறு முனைகளுக்குப் போயின. இதை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. போர் தொடங்கியபோது பிரான்ஸிடம் கனரகப் பீரங்கிகள் மிகக் குறைவு, எங்கிருந்தாவது எடுத்தே ஆக வேண்டிய நிலை. துவோமோனில் கழற்ற முடியாத கோபுரப் பீரங்கிகள் மட்டும் மிஞ்சின. காவலுக்கு இருந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர், எல்லாரும் வயது கூடிய பின்வரிசைப் படையினர். அவர்களுக்குத் தலைமை அதிகாரியும் இல்லை, ஒரு வாரன்ட் அதிகாரிதான். கோர் காட்டு முனையில் இருந்த லெப்டினன்ட் கர்னல் த்ரியான் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. ஆளும் முள்கம்பியும் போதவில்லை என்று 1915-லேயே பாரிஸுக்குக் கடிதம் எழுதினார். போர் அமைச்சர் விளக்கம் கேட்டபோது தலைமைத் தளபதி ஜோஃப்ர் கோபத்தோடு மறுத்தார். 1916 பிப்ரவரி 22-ஆம் தேதி, தாக்குதலின் இரண்டாம் நாள், த்ரியான் அந்தக் காட்டிலேயே இறந்தார்.

பிப்ரவரி 25 மாலை ஜெர்மன் பிராண்டன்பர்க் ரெஜிமென்ட்டின் சிறு குழுக்கள் கோட்டையை நெருங்கின. எல்லா அபாயமும் அகழியில்தான் காத்திருக்க வேண்டும். ஆனால் மூலை அறைகளில் ஆளே இல்லை. கோட்டைகளில் மீண்டும் காவல் போடச் சொன்ன உத்தரவு, படைப்பிரிவுகள் மாறிய குழப்பத்தில், நிறைவேற்ற வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை. சார்ஜென்ட் குன்ட்ஸே தன் ஆட்களை ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏற்றி, பீரங்கித் துவாரம் வழியே உள்ளே நுழைந்தார். பிறகு லெப்டினன்ட் ராட்கே, அவருக்குப் பின் கேப்டன் ஹாப்ட், லெப்டினன்ட் பிராண்டிஸ் ஆகியோரின் ஆட்கள் வந்தார்கள். உள்ளே சண்டையே நடக்கவில்லை. உயரிய பதக்கம் ஹாப்ட்டுக்கும் பிராண்டிஸுக்கும் கிடைத்தது. முன்னால் போன ராட்கேக்குக் கிடைக்கவில்லை. யார் முதலில் நுழைந்தார் என்ற வழக்கு போருக்குப் பிறகும் நீண்ட நாள் ஓடியது. ஆக, அன்று தோற்றது கான்கிரீட் அல்ல. காவலாளி இல்லாத கோட்டை அது, அவ்வளவுதான்.

இதற்குச் சான்று அதே வளையத்திலிருந்த வோ கோட்டை. துவோமோனைவிடச் சிறியது. அதன் 75 மி.மீ. கோபுரமும் முன்பே நாசமாகியிருந்தது. தேவைப்பட்டால் தாங்களே தகர்ப்பதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த வெடி, ஜெர்மன் குண்டு ஒன்று பட்டு வெடித்துவிட்டது. கமாண்டர் ரேனால் கையில் இயந்திரத் துப்பாக்கிகளும் கையெறி குண்டுகளும் மட்டுமே. ஜூன் 2-ஆம் தேதி ஜெர்மானியர் கோட்டையின் கூரைமேல் ஏறிவிட்டார்கள். அதன் பிறகும் ஐந்து நாள் சண்டை நீடித்தது. நடைபாதைகளில் மணல் மூட்டைத் தடுப்பு கட்டி, இருட்டில், தீப்பீச்சிகளின் புகையில், ஒவ்வொரு தடுப்பாகப் பின்வாங்கிப் போராடினார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் செய்தது தண்ணீர். தொட்டியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய அளவு உண்மையில் இல்லை. வெளியிலிருந்து தப்பி வந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக அறுநூறு பேர் வரை உள்ளே நெருக்கியிருந்தார்கள். ஜூன் 4-ஆம் தேதி கடைசித் தூதுப்புறா பறந்தது. 7-ஆம் தேதி காலை சரணடைந்தார்கள். முன்னூறு பேருக்குத் திட்டமிட்ட தொட்டியில் அறுநூறு பேர் குடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஜெர்மன் பட்டத்து இளவரசர் ரேனாலை மரியாதையோடு வரவேற்று வாள் கொடுத்தார்.

கான்கிரீட்டை உடைக்கவே முடியாது என்றும் இல்லை. அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்கள் ரயில் பாதையில் நிறுத்திய 400 மி.மீ. ஹோவிட்சர்கள் இரண்டைக் கொண்டு, இப்போது ஜெர்மானியர் கையில் இருந்த துவோமோனைச் சுட்டார்கள். எட்டு மாதக் குண்டடியில் மேல் மண் போய், கூரை விரிசல் கண்டிருந்தது. அந்தக் குண்டுகள் கூரையைத் துளைத்து உள்ளே போய் வெடித்தன. தீப்பிடித்தது, புகை நிறைந்தது, ஜெர்மானியர் பெரும்பாலும் வெளியேறினார்கள். அதே துவோமோனுக்குள் மே 8-ஆம் தேதி கையெறி குண்டுகளும் தீப்பீச்சி எரிபொருளும் வெடித்து, அறுநூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை உள்ளேயே சுவர் எழுப்பி மூடினார்கள். அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. கனமான கூரைக்குக் கீழே வெடிபொருளைக் குவித்தால், வெளியிலிருந்து காக்கும் அதே கூரை உள்ளே வெடிப்பவற்றின் வேகத்தைப் பல மடங்காக்கும்.

இனி தளபதிகள். ஜெர்மன் தரப்பில் திட்டம் தலைமைத் தளபதி ஃபால்கன்ஹைனுடையது. களத்தில் பட்டத்து இளவரசர் வில்ஹெல்மின் ஐந்தாம் படை. ஏழு வாரத்தில் சுமார் 1,300 ரயில்களில் 25 லட்சம் குண்டுகள் வந்திறங்கின. ஏறக்குறைய 1,200 பீரங்கிகள் 13 கி.மீ. முனைக்கு எதிரே நின்றன. தாக்கும் படை கடைசி நிமிடம் வரை ஆழமான கான்கிரீட் குழிகளில் ஒளிந்திருந்தது. பிப்ரவரி 12-இல் தொடங்க வேண்டியது, மழையாலும் பனியாலும் 21-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கூடுதல் டிவிஷன்கள் (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள்) வந்து சேர்ந்தன. என் கணக்கில் இந்த ஒன்பது நாள் எந்தத் தளபதியின் சாதனையைவிடவும் பெரியது. இரண்டாவது பிழை வானிலையால் வந்ததல்ல. ஆற்றின் இரு கரையிலும் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும் என்று ஐந்தாம் படை கேட்டது. போதிய படை இல்லை என்று வலது கரையை மட்டும் அனுமதித்தார் ஃபால்கன்ஹைன். வலது கரையில் முன்னேறியவர்களை இடது கரைக் குன்றுகளிலிருந்த பிரெஞ்சுப் பீரங்கிகள் விலாவில் அடித்தன. மார்ச் 6-இல் இடது கரையிலும் தாக்குதல் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. மோர்-ஓம், 304 என்ற இரண்டு குன்றுகளுக்காக மே மாதக் கடைசி வரை ரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

ஃபால்கன்ஹைன் உண்மையில் எதை விரும்பினார் என்பதில் ஐயம் இருக்கிறது. ஊரைப் பிடிப்பது நோக்கமல்ல, பிரெஞ்சுப் படையை அங்கே இழுத்து ரத்தம் வற்றச் செய்வதுதான் நோக்கம் என்று 1915 கிறிஸ்துமஸில் பேரரசருக்குக் குறிப்பு எழுதியதாக அவரே போருக்குப் பின் தன் நினைவுக் குறிப்பில் சொன்னார். அந்தக் குறிப்பின் மூலப் பிரதி இதுவரை கிடைக்கவில்லை. தோல்விக்குப் பிறகு வந்த சமாதானம் அது என்பது சில வரலாற்றாசிரியர்களின் கருத்து. தேய்த்தழிக்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தது, குறிப்பு மட்டும் பின்னால் எழுதப்பட்டது என்பது வேறு சிலரின் கருத்து. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. வலது கரை மேடுகளைப் பிடித்து, அங்கிருந்து பிரெஞ்சு எதிர்த்தாக்குதல்களைப் பீரங்கியால் நசுக்கலாம் என்று திட்டமிட்டால் இரண்டு எண்ணமும் ஒன்றுக்கொன்று முரணாவதில்லை. அவருக்குக் கீழே இருந்தவர்களோ ஊரைப் பிடிக்கிறோம் என்று நம்பித்தான் தாக்கினார்கள். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். பட்டத்து இளவரசர் பெயருக்குத்தான் தளபதி. முடிவெடுத்தவர் அவருடைய தலைமை அலுவலர் க்னோபெல்ஸ்டோர்ஃப். ஏப்ரலில் இளவரசர் தாக்குதலை நிறுத்தலாம் என்ற பக்கம் சாய்ந்தார், க்னோபெல்ஸ்டோர்ஃப் தொடர வைத்தார். ஆகஸ்டில் முதலில் க்னோபெல்ஸ்டோர்ஃப் போனார். அடுத்து ஃபால்கன்ஹைனும் போய், ஹிண்டன்பர்க்–லூடென்டோர்ஃப் ஜோடி வந்தது.

பெத்தான் பொறுப்பேற்றது துவோமோன் விழுந்த அதே இரவில். வலது கரையை விடக்கூடாது என்ற முடிவு அவருடையதல்ல. ஜோஃப்ர் அனுப்பிய ஜெனரல் கஸ்தல்னோ நேரில் பார்த்து எடுத்த முடிவு அது. சுயி ஊரில் தலைமையகம் அமைத்த கையோடு பெத்தானுக்கு நிமோனியா. முதல் நாட்களின் உத்தரவுகள் படுக்கையிலிருந்தே போயின. அவர் முதலில் கேட்டது பீரங்கிகளைப் பற்றி. ஒவ்வொரு படைப்பிரிவின் பீரங்கிகளும் தனித்தனியாகச் சுட்டதை நிறுத்தி, ஒரே கையின் கீழ் கொண்டுவந்து, எதிரி கூடும் இடங்களில் ஒரே நேரத்தில் குவித்தார். இரண்டாவது, சாலை. வெர்டனுக்குப் போன இரண்டு பெரிய ரயில் பாதைகளில் ஒன்றை 1914-லிருந்தே ஜெர்மானியர் அறுத்துவிட்டார்கள், மற்றொன்று குண்டுவீச்சில் இருந்தது. மீதி இருந்தவை பார்-லெ-துக்கிலிருந்து வரும் குறுகிய மீட்டர் கேஜ் ரயிலும், ஏழு மீட்டர் அகலச் சாலையும்தான். சாலையின் நீளம் எழுபது கி.மீ.க்குச் சற்று அதிகம்.

பிற்பாடு ‘புனிதப் பாதை’ என்று பெயர் பெற்ற அந்தச் சாலை எப்படி ஓடியது என்று பார்த்தால்தான் பெத்தானின் திறமை தெரியும். சாலையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளரும் பழுதுபார்க்கும் ஆட்களும் நியமிக்கப்பட்டார்கள். குதிரை வண்டிக்கும் நடந்துபோகும் படைக்கும் அதில் இடமில்லை, அவர்கள் வயல்வழி போக வேண்டும். ஆம்புலன்ஸும் அதிகாரிகள் காரும் தவிர யாரும் முந்தக்கூடாது. நின்றுபோன லாரியை யோசிக்காமல் பள்ளத்தில் தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு லாரி நின்றால் பின்னால் நூறு நிற்கும். திட ரப்பர் சக்கரங்கள் சாலையை அரைத்தன. பிப்ரவரிக் கடைசியில் பனி உருகியபோது தளம் சேறாகிவிட்டது. ஜல்லி கொண்டுவர வண்டிகளை ஒதுக்கினால் குண்டு வராது. அதனால் சாலையோரத்திலேயே கல்குவாரிகளைத் திறந்து, ஓடும் சக்கரங்களுக்கு அடியிலேயே மண்வாரியால் கல்லை வீசினார்கள். ரோடு ரோலர் தேவைப்படவில்லை, லாரிகளே கல்லை அழுத்தின. சுமார் 3,500 லாரிகள் வாரத்துக்கு 90,000 பேரையும் 50,000 டன் குண்டுகளையும் கொண்டுபோயின. நெரிசல் உச்சத்தில் ஒரே இடத்தைச் சராசரியாக 14 நொடிக்கு ஒரு வண்டி கடந்தது. ஓட்டுநர்கள் தூங்காமல் ஓட்டியதால் விபத்துகள் சாதாரணம். கோடையில் புதிய அகலப் பாதை ரயில் வந்த பிறகே பாரம் குறைந்தது.

மூன்றாவது, படை மாற்றம். கிணற்று ஏற்றச் சக்கரத்தில் வாளிகள் மேலும் கீழும் போய்வருவதுபோல, ஒரு டிவிஷன் நசுங்குவதற்கு முன்பே ஒன்றிரண்டு வாரத்தில் அதை வெளியே எடுத்து, புதியதை உள்ளே அனுப்புவது. பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி, எழுபது டிவிஷன் வரை, இப்படி வெர்டனைப் பார்த்துவிட்டு வந்தது. ஜெர்மானியர் டிவிஷனை முனையிலேயே விட்டு, இறந்தவர் இடத்தில் புதுப் பையன்களைச் சேர்த்தார்கள். அந்தப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய கை மிஞ்சவில்லை. பெத்தான் முறைக்கும் விலை இருந்தது. சோம் ஆற்றுத் தாக்குதலுக்கென்று ஜோஃப்ர் சேமித்த டிவிஷன்களை இந்தச் சக்கரம் விழுங்கியது. அதனால்தான் மே 1-இல் பெத்தானை மேல்பதவிக்கு உயர்த்திக் களத்திலிருந்து ஒரு படி தள்ளிவைத்தார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் நிவெல். வந்த வேகத்தில் மே 22-இல் மான்ஜானின் டிவிஷன் துவோமோன்மேல் பாய்ந்தது. கூரைவரை ஏறி, இரண்டு நாளில் துரத்தப்பட்டது. குறுகிய முனை, போதாத பீரங்கி, பக்கங்களில் பாதுகாப்பில்லை. நிவெலை மதிப்பிடும்போது இந்தத் தோல்வியை விட்டுவிடக் கூடாது.

ஜூன் 22 இரவு ஜெர்மானியர் டைஃபாஸ்ஜீன் நச்சு வாயுக் குண்டுகளால் பிரெஞ்சுப் பீரங்கிகளின் வாயை அடைத்து, மறுநாள் ஃப்ளூரி கிராமம்வரை வந்தார்கள். ஜூலை 11–12-இல் சுவில் கோட்டைவரை ஒரு கடைசி முயற்சி. அதன் பிறகு தற்காப்புதான். இதில் கிழக்கே ஜூன் 4-இல் தொடங்கிய ரஷ்யத் தளபதி புருசிலோவின் தாக்குதலுக்கும், ஜூலை 1-இல் தொடங்கிய சோம் சண்டைக்கும் பெரும் பங்கு உண்டு. வெர்டனை வெர்டனுக்குள்ளேயே காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்வது முழு உண்மையல்ல.

அக்டோபர் 24 வேறு கதை. இம்முறை ஏழு கி.மீ. முனைக்கு மூன்று டிவிஷன்கள், 650-க்கு மேல் பீரங்கிகள். கோட்டையின் அளவில் தரையில் கோடு போட்டு, தாக்கும் படைக்கு ஒத்திகை பார்த்தார்கள். தொலைபேசிக் கம்பிகளை ஆழமாகப் புதைத்தார்கள். இரண்டு நாள் முன்பு குண்டுவீச்சைத் திடீரென நிறுத்தி, குழிகளிலிருந்து ஆரவாரம் எழுப்பினார்கள். தாக்குதல் வந்துவிட்டது என்று நம்பிய ஜெர்மானியர், அதுவரை மறைத்து வைத்திருந்த பீரங்கிகளால் சுட, அவற்றின் இடம் தெரிந்துவிட்டது. அடுத்த நாட்களில் அவற்றைத் தேடித் தேடி அடித்தார்கள். 24-ஆம் தேதி பனிமூட்டத்தில் காலாட்படை எழுந்தது. முன்னால் குண்டுத்திரை, அதாவது வரிசையாக விழும் சொந்தப் பீரங்கிக் குண்டுகள், நான்கு நிமிடத்துக்கு 100 மீட்டர் வீதம் நகர, படை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. திரைக்குப் பின்னால் மிகவும் தள்ளிப்போனால், எதிரி குழியிலிருந்து எழுந்து இயந்திரத் துப்பாக்கியை நிறுத்த நேரம் கிடைத்துவிடும். மிகவும் ஒட்டினால் சொந்தக் குண்டே விழும். மாலைக்குள் மொராக்கோ காலனி ரெஜிமென்ட் துவோமோனில் இருந்தது. அன்று பிடிபட்ட கைதிகள் சுமார் 6,000. நவம்பர் தொடக்கத்தில் வோ கோட்டையும் திரும்பியது. டிசம்பர் 15-இல் இன்னொரு தாக்குதலில் 11,000-க்கு மேல் கைதிகளும் 115 பீரங்கிகளும் கிடைத்தன.

இதில் நிவெலின் பங்கு உண்மையானது. அவர் பீரங்கிப்படை அதிகாரி, நகரும் திரையை நுணுக்கமாகக் கணக்கிட்டவர். மான்ஜான் அதை இரக்கமில்லாமல் நடத்தினார். ஆனால் அந்த அளவு பீரங்கியும் குண்டும் சேரும்வரை பொறுக்க வைத்தவர், மேலே அமர்ந்திருந்த பெத்தான். சண்டையைத் தோற்காமல் காத்தது பெத்தான், இழந்ததை மீட்கும் முறையைச் செய்துகாட்டியது நிவெல் என்பதே என் மதிப்பீடு. நிவெலின் முறை எந்த எல்லைவரை செல்லும் என்பது 1917 ஏப்ரலில் வெளிப்பட்டது. ஏழு கி.மீ. முனையில், மூன்று கி.மீ. ஆழத்துக்கு வேலை செய்ததை, பல மடங்கு நீளமான எய்ன் ஆற்று முனைக்கு நீட்டினார். அங்கே பீரங்கி அடர்த்தி நீர்த்துப்போனது, ஜெர்மானியர் முன்வரிசையை மெலிதாக்கிப் பின்னால் ஆழமாகக் காத்திருந்தார்கள். படை கலகம் செய்தது. மே மாதம் அவர் இடத்துக்கு வந்தவர் மறுபடியும் பெத்தான். 1940-க்குப் பின் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவராக அவர் செய்தவற்றைக் கொண்டு 1916-ஐ அளப்பவர்களும் உண்டு, 1916-ஐக் காட்டி 1940-ஐ மன்னிப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறான கணக்கு.

கடைசியாக, அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் சில. “அவர்கள் கடந்து வரமாட்டார்கள்” என்ற முழக்கத்தைப் பெத்தான் பெயரில் எழுதுகிறார்கள். அதன் வேர் ஜூன் 23-இல் நிவெல் விடுத்த உத்தரவு. பெத்தானுடையது ஏப்ரலில் வந்த “தைரியம், அவர்களை வீழ்த்துவோம்” என்பது. இழப்புகளில் பிரெஞ்சு எண் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி சுமார் 3,77,000, அதில் இறந்தவரும் காணாமற்போனவரும் 1,62,000. ஜெர்மன் எண் ஏறக்குறைய 3,30,000 என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் இரு படைகளும் லேசான காயத்தை ஒரேபோல் பதிவு செய்யவில்லை, எந்தத் தேதியில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே இரண்டையும் கழித்து யார் வென்றார் என்று முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. துவோமோன் எலும்பு மண்டபத்தில் இரு தரப்பையும் சேர்ந்த, பெயர் தெரியாத சுமார் 1,30,000 பேரின் எலும்புகள் கலந்தே கிடக்கின்றன. அருகிலுள்ள ‘துப்பாக்கிக் கத்திக் குழி’யில் வீரர்கள் நின்ற நிலையிலேயே உயிரோடு புதைந்தார்கள் என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். இறந்தவர்களைக் குழியிலேயே மூடி, இடம் தெரிய அவர்களுடைய துப்பாக்கிகளை நட்டுவைத்திருப்பார்கள் என்பதே அதைவிடப் பொருத்தமான விளக்கம்.